விரலுக்குக் கீழே இருப்பது என்ன? சுகாதாரப் பணியாளர்களின் கேள்விகளும் பதில்களும்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் கிளினிக்கிலும் வார்ட்டிலும் வீடு வீடாகவும் வேலை செய்பவர்கள் அனுப்பிய கேள்விகளில், நோயை முன்கூட்டியே கண்டறிவது பற்றியவற்றை இம்முறை எடுத்திருக்கிறோம். பல கேள்விகள் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன: கையை எங்கே வைக்கிறோம், அங்கே தோலுக்குக் கீழே இருப்பது என்ன.

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தாதிய உத்தியோகத்தர்: நான் பிரஷர் பார்த்து "கூட" என்று அனுப்பும் ஆட்களில் பலருக்கு, வைத்தியசாலைக் கிளினிக்கில் சரியாக இருக்கிறது என்று எழுதித் திருப்பி அனுப்புகிறார்கள். மெஷினில் பிழையா?

மெஷினைச் சந்தேகிக்க முன், கையைச் சுற்றிக் கட்டும் கஃப்பைப் பாருங்கள். கஃப்புக்குள் இருக்கும் இறப்பர்ப் பையின் நீளம் மேற்கைச் சுற்றளவில் 80 சதவீதமும் அகலம் 40 சதவீதமும் இருக்க வேண்டும். சுற்றளவு 27 முதல் 34 சென்ரிமீற்றர் வரை உள்ளவர்களுக்குத்தான் நாம் வழமையாகப் பாவிக்கும் பெரியவர் கஃப் பொருந்தும். 35க்கு மேல் என்றால் பெரிய கஃப் வேண்டும். பருத்த கையில் சிறிய கஃப்பைச் சுற்றினால் அமுக்கம் முழுதாக நாடியைச் சென்றடையாது. நாடியை மூடக் கூடுதலான காற்று தேவைப்படும், அதனால் உண்மையைவிடக் கூடிய அளவு விழும். மெலிந்த கையில் பெரிய கஃப் போட்டால் மறுவளமாகக் குறைத்துக் காட்டும். ஒரே ஒரு கஃப்பை வைத்துக்கொண்டு எல்லோரையும் பார்க்கும் கிளினிக்குகள் பல இருக்கின்றன. இன்னொரு அளவு கேட்டுப் பணிமனைக்குக் கடிதம் எழுதுங்கள். தேவையில்லாமல் ஒருவரை ஆயுள் முழுக்கக் குளிசை குடிக்க வைப்பதைவிட அது எவ்வளவோ மலிவு.

அடுத்தது இடம். ஆளின் உள்ளங்கையை மேலே திருப்பி முழங்கையைச் சற்று மடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள, அவர் கையைத் தன் பக்கம் இழுக்கட்டும். மடிப்பின் நடுவே கெட்டியாக எழுந்து நிற்பதுதான் பைசெப்ஸ் தசைநாண். அதற்கு உட்பக்கம், உடம்பை நோக்கிய பக்கத்தில், விரல் வைத்தால் பிரேக்கியல் நாடி துடிக்கும். அதற்கும் உட்பக்கத்தில் மீடியன் நரம்பு. தசைநாண், நாடி, நரம்பு என்ற இந்த ஒழுங்கு நினைவில் இருந்தால் தேட வேண்டியதில்லை. இறப்பர்ப் பையின் நடு அந்த நாடிக்கு மேல் வரட்டும், கஃப்பின் கீழ் விளிம்பு மடிப்பிலிருந்து 2 - 3 சென்ரிமீற்றர் மேலே நிற்கட்டும். ஸ்டெதஸ்கோப்பைத் தசைநாணுக்கு வெளிப்பக்கம் வைத்தால் சத்தம் மெலிந்து கேட்கும். முதற்சத்தத்தைப் பிந்திக் கேட்பீர்கள், கடைசிச் சத்தத்தை முந்தியே விட்டுவிடுவீர்கள். மேல் அளவு குறைந்து, கீழ் அளவு கூடிப் பதிவாகும்.

காற்றை ஒரேயடியாக ஏற்ற வேண்டாம். மணிக்கட்டுத் துடிப்பைப் பிடித்துக்கொண்டு ஏற்றி, துடிப்பு மறையும் அளவைக் குறித்து, அதற்கு மேல் 30 ஏற்றுங்கள். சிலருக்கு இரண்டு அளவுகளுக்கும் இடையில் சத்தம் கொஞ்ச நேரம் அடங்கிப்போய்த் திரும்ப வரும். நேரடியாக 150 வரை ஏற்றி இறக்குபவர் அந்த அமைதிக்குள் தொடங்கிவிட்டால், 180 உள்ளவருக்கும் 140 என்று எழுதுவார். இறக்குவது வினாடிக்கு 2 மில்லிமீற்றர். எழுதுவதும் 2 இன் மடங்குகளில். ஒரு கொப்பியில் எல்லா அளவும் 120, 130, 140 என்று பூச்சியத்திலேயே முடிந்திருந்தால், அங்கே அளக்கவில்லை, மதிப்பிட்டிருக்கிறார்கள்.

மற்றவை உங்களுக்குத் தெரிந்தவைதான், ஆனால் கூட்டம் நெரியும் நாளில் முதலில் கைவிடப்படுபவையும் அவைதான். கதிரையில் முதுகைச் சாய்த்து, பாதம் இரண்டும் நிலத்தில் பட, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் இருக்க வேண்டும். தேத்தண்ணி, கோப்பி, சிகரெட் முடிந்து அரை மணித்தியாலம் ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் முட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கை நெஞ்சு மட்டத்தில் மேசையில் தாங்கியிருக்க வேண்டும். கை 10 சென்ரிமீற்றர் கீழே தொங்கினால் ஏறக்குறைய 8 மில்லிமீற்றர் கூடிக் காட்டும். அளக்கும்போது நாம் கதை கேட்கக் கூடாது. "மகன் கட்டாரிலிருந்து வந்துட்டாரா?" என்று அன்பாக விசாரித்தாலும் பிரஷர் ஏறும். ஒரு நிமிடம் விட்டு இரண்டாம் முறை பாருங்கள். முதல் வருகையில் இரண்டு கையிலும் பார்த்து, கூடிய கையை அட்டையில் குறித்து வைத்தால் அடுத்த முறை எந்தக் கை என்ற கேள்வி வராது.

இன்னும் இரண்டு. துடிப்பு ஒழுங்கில்லாதவருக்கு டிஜிட்டல் மெஷினின் ஒரு அளவை நம்ப வேண்டாம். கையால் பாருங்கள், பல முறை பாருங்கள், ஒழுங்கில்லாத துடிப்பையே தனியாக எழுதி வைத்தியரிடம் அனுப்புங்கள். டயலிசிஸ் செய்பவருக்கு ஃபிஸ்டுலா (டயலிசிஸுக்காக நாடியையும் நாளத்தையும் இணைத்த இடம்) உள்ள கையில் கஃப் போடவே கூடாது. இரத்தமும் எடுக்கக் கூடாது.

இவ்வளவும் செய்த பிறகும் 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் இன்னொரு நாள் திரும்பப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். 180/110 ஐ எட்டினால் நாளைக்கு விட வேண்டாம், அன்றே வைத்தியர் பார்க்க வேண்டும். நெஞ்சு நோ, மூச்சு முட்டல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் மரத்துப்போதல் கூட இருந்தால் கிளினிக் வரிசையில் நிறுத்தாமல் நேரே அவசர சிகிச்சைக்கு அனுப்புங்கள்.

மட்டக்களப்பில் பயிலும் தாதிய மாணவி: உடற்கூற்றியலைப் பரீட்சைக்குப் பாடமாக்கி, அடுத்த மாதமே மறந்துவிடுகிறோம். வேலைக்கு எது கட்டாயம் தேவை?

தோலுக்கு மேலிருந்து தொட்டுக் கண்டுபிடிக்கக்கூடியதை முதலில் பிடியுங்கள். புத்தகத்தைப் பார்த்துப் படிப்பதைவிட உங்கள் உடம்பிலேயே தேடினால் மறக்காது. கழுத்துக் குழியிலிருந்து நெஞ்சென்பில் விரலைக் கீழே இறக்குங்கள். சுமார் 5 சென்ரிமீற்றர் கீழே குறுக்காக ஒரு மேடு தட்டுப்படும். இரண்டாவது விலா அங்கேதான் வந்து பொருந்துகிறது. அதிலிருந்து எண்ணிக்கொண்டு போனால் ஐந்தாவது இடைவெளி கிடைக்கும். இடது காறை என்பின் நடுவிலிருந்து நேரே கீழே வரும் கோட்டில் இதய நுனியின் துடிப்பு அங்கே. ஈசிஜி லீட் வைப்பவர் இந்த மேட்டைத் தேடாமல் கண்மதிப்பில் வைத்தால் V1, V2 லீட்டுகள் ஒரு இடைவெளி மேலே போய்விடும், வரைபடமே பொய் சொல்லும். இரண்டும் நான்காவது இடைவெளியில், நெஞ்சென்பின் இரு ஓரமும்.

பிறகு தோளின் உச்சியில் அக்ரோமியன், இடுப்பின் முன்முனை, இடுப்பென்பின் மேல் விளிம்பு, தொடையின் வெளிப்பக்க மேடு, கணுக்காலின் உள்மொழி. இந்தப் பத்துப் பன்னிரண்டு இடங்களையும் கண்ணை மூடிக்கொண்டு தொடத் தெரிந்தவருக்கு மேலே சொன்ன பிரஷரும், கீழே வரும் ஊசியும் காலும் இடுப்பளவும் எளிது. தோழிகள் இருவர் சேர்ந்து ஒருவரில் ஒருவர் பேனையால் குறித்துப் பாருங்கள். மெலிந்தவர் ஒருவர், பருத்தவர் ஒருவர் என்றால் இன்னும் நல்லது. படத்தில் எல்லோரும் ஒரே உடம்பு, வார்ட்டில் அப்படி இல்லை.

வெல்லாவெளிப் பக்கம் வேலை செய்யும் ஒருவர்: வயல் வேலைக்குப் போகிறவர்கள் காலையில் வாயில் போட்ட வெற்றிலையைப் பின்னேரம்தான் துப்புகிறார்கள். வாயைப் பார்க்க எங்களுக்கும் முடியுமா, அது பல் வைத்தியரின் வேலையா?

உங்களால் முடியும். 1980களில் இலங்கையிலேயே ஆரம்ப சுகாதாரப் பணியாளர்களைப் பழக்கி, வீடு வீடாக வாய் பார்க்கச் செய்து, அவர்களால் சந்தேகத்துக்குரிய மாற்றங்களைக் கண்டுபிடிக்க முடியும் என்று காட்டியிருக்கிறார்கள். நம் நாட்டில் ஆண்களிடம் முன்னணியில் நிற்கும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோயும் ஒன்று. புகையிலை இல்லாத வெற்றிலைக் கூட்டும், பாக்கும் தனியே புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004 இல் வகைப்படுத்தியது. "நான் பொயிலை போடுறல்ல, வெறும் பாக்குத்தான்" என்பவரை விட்டுவிட வேண்டாம்.

தேவையானது நல்ல டோர்ச், கையுறை, இரண்டு மரத் தட்டைக்குச்சி, ஒரு துண்டு கோஸ். பல்லுச்செட் இருந்தால் கழற்றச் சொல்லுங்கள். அதன் அடியில்தான் சில வேளை இருக்கும். வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள், வெற்றிலைச் சிவப்பில் எதுவும் தெரியாது. பிறகு ஒழுங்கு மாறாமல்: உதட்டின் வெளியும் உள்ளும், வலது கன்னத்தின் உட்பக்கம், இடது கன்னம், முரசு, நாக்கின் மேல், நாக்கின் இரண்டு ஓரங்கள், நாக்கின் அடியும் அதன் கீழ்த்தளமும், அண்ணம், தொண்டையின் வாசல். நாக்கின் நுனியைக் கோஸால் பிடித்து ஒரு பக்கம் இழுத்தால்தான் பின் ஓரம் தெரியும். பிடிக்காமல் "நாக்கை நீட்டுங்க" என்று மட்டும் சொன்னால் அந்த ஓரம் ஒருபோதும் கண்ணில் படாது. புற்றுநோய் அதிகம் ஒளிந்திருப்பது அங்கேயும் கீழ்த்தளத்திலும், வெற்றிலையை அடக்கி வைக்கும் கன்ன மடிப்பிலும்தான். எந்தப் பக்கம் அடக்குவார் என்று கேட்டு, அந்தப் பக்கத்தை இரண்டு முறை பாருங்கள்.

இயல்பான வாயைப் பழகாமல் நோயைத் தேடப் போனால் எல்லாமே நோயாகத் தெரியும். கன்னத்தில் மேல் இரண்டாம் கடைவாய்ப் பல்லுக்கு நேரே ஒரு சிறு முளை இருக்கும்; அது உமிழ்நீர்க் குழாயின் வாய். கன்னத்தில் பல் கடிக்கும் மட்டத்தில் நீளமாக ஒரு வெள்ளைக் கோடு ஓடும், அதுவும் இயல்பு. நாக்கின் மேற்பக்கத்தில் பின்னால் V வடிவத்தில் வரிசையாக இருக்கும் மொட்டுகள், நாக்கின் பின் ஓரத்து மடிப்புகள், அண்ணத்தின் நடுவே கெட்டியான எலும்பு மேடு, உதட்டில் மஞ்சள் புள்ளிகள் இவையெல்லாம் சுகமானவர்களிடமும் இருப்பவை. இரண்டு பக்கமும் ஒரேமாதிரி இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. ஒரு பக்கம் மட்டும் இருப்பதுதான் கேள்வி.

அனுப்ப வேண்டியவை: கோஸால் துடைத்தும் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த, வெல்வெட் போன்ற திட்டு (வெள்ளையைவிட இது ஆபத்து கூடியது), இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், தொட்டால் அடியில் தடித்துக் கெட்டியாக இருக்கும் எதுவும். புண் நோவாவிட்டால் நல்லது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆரம்பப் புற்றுநோய் பெரும்பாலும் நோவாது. கூரான பல் உரசி வந்த புண் என்று தோன்றினால், அந்தப் பல்லைச் சரிசெய்து இரண்டு கிழமை கழித்துத் திரும்பப் பாருங்கள்.

வாய் திறப்பதையும் பாருங்கள். அவருடைய மூன்று விரலை நெட்டுக்கு வைத்து முன்பற்களுக்கு இடையே விடச் சொன்னால் போக வேண்டும். போகாவிட்டால், கொச்சிக்காய் பட்டால் எரிகிறதா என்று கேட்டு, கன்னத்தை உள்ளும் வெளியுமாக இரு விரலால் தடவுங்கள். கன்னம் வெளிறி, உள்ளே நெட்டுக்குக் கயிறுகள் ஓடுவதுபோல் இருந்தால் அது பாக்கினால் வரும் நார்த்திசு நோய். வெற்றிலையை விட்டாலும் அந்த இறுக்கம் முழுதாகத் திரும்பாது. ஆயுள் முழுக்கக் கண்காணிப்பு வேண்டும். கடைசியாகத் தாடைக்குக் கீழும் கழுத்தின் இரு பக்கமும் தடவி, நோவில்லாத கெட்டிக் கழலை இருக்கிறதா என்று பார்த்து முடியுங்கள். பழகினால் ஒருவருக்கு ஐந்து நிமிடம் போதும்.

ஓட்டமாவடி, குடும்பநல உத்தியோகத்தர்: இடுப்பளவை அபாயாவுக்கு மேலே எடுக்கலாமா?

எடுக்க வேண்டாம், அந்த அளவு உதவாது. திரைக்குப் பின்னால் பெண் பணியாளரே எடுக்க ஒழுங்கு செய்யுங்கள். மெல்லிய ஒரு உடை மட்டும் இருக்கலாம். சாரி கட்டும் இடமோ தொப்புளோ அல்ல இடம். பக்கவாட்டில் கடைசி விலாவின் கீழ் விளிம்பையும் இடுப்பென்பின் மேல் விளிம்பையும் தொட்டு, இரண்டுக்கும் நடுவே. சாதாரணமாக மூச்சை விட்ட முடிவில் வாசியுங்கள். ஆசியர்களுக்குப் பெண்ணில் 80, ஆணில் 90 சென்ரிமீற்றர்தான் எல்லை.

பாண்டிருப்பிலிருந்து: கிராமத்துக் கேம்ப்பில் ஒருவருக்கே இரண்டு மீற்றரில் இரண்டு சீனி அளவு வந்தது. ஆட்கள் எங்களை நம்புகிறார்களில்லை.

விரலில் குத்திப் பார்க்கும் மீற்றருக்கு அனுமதிக்கப்பட்ட வித்தியாசமே உண்டு. 100க்கு மேற்பட்ட அளவுகளில் உண்மையிலிருந்து 15 சதவீதம் மேலோ கீழோ போகலாம் என்பது சர்வதேசத் தரம். 130 உள்ளவருக்கு ஒன்று 118, மற்றது 145 காட்டினால் இரண்டு மீற்றரும் சரிதான். அதனால்தான் மீற்றரைக் கொண்டு சந்தேகிக்கலாம், நீரிழிவு என்று முத்திரை குத்தக் கூடாது. எட்டு மணித்தியாலம் சாப்பிடாமல் நாளத்திலிருந்து எடுத்த இரத்தத்தில் 126 அல்லது அதற்கு மேல், அல்லது ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் பரிசோதனை) 6.5 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் அந்தச் சொல். அறிகுறி இல்லாதவருக்கு இன்னொரு முறையும் பார்க்க வேண்டும்.

வித்தியாசம் அதைவிடப் பெரிதாக இருந்தால் கையைப் பாருங்கள். மாம்பழம் உரித்த விரலை ஸ்பிரிட் பஞ்சால் ஒரு தரம் துடைத்தால் சீனி போகாது. சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். ஸ்பிரிட் காயாமல் குத்தினாலும் அளவு மாறும். இரத்தம் வரவில்லை என்று விரலைப் பிழிந்தால் திசுநீர் கலந்துவிடும். கையைத் தொங்கவிட்டு, சூடாகத் தேய்த்துவிட்டுக் குத்துங்கள். குத்துவது விரற்பொட்டின் நடுவில் அல்ல, பக்கத்தில். உணர்நரம்புகள் செறிந்திருப்பது பொட்டில், பக்கத்தில் நோ குறைவு, இரத்தமும் தாராளம்.

ஸ்ட்ரிப்பை இங்கே எல்லோரும் கெடுக்கிறோம். கச்சான் காற்று வீசும் நாட்களில் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் இருந்த போத்தல் எவ்வளவு சூடாகியிருக்கும் என்று யோசியுங்கள். பெரும்பாலான ஸ்ட்ரிப்புகள் 30 பாகை செல்சியசுக்கு மேல் வைக்கக் கூடாதவை. வாவிக்கரை ஈரக்காற்றில் மூடியைத் திறந்து வைத்துவிட்டு ஆட்களைப் பார்ப்பதும் அப்படித்தான். ஒன்றை எடுத்ததும் மூடியை இறுக்குங்கள், போத்தல் திறந்த திகதியை அதன்மேலேயே எழுதுங்கள். குருதிச்சோகை கடுமையாக உள்ளவருக்கு மீற்றர் கூட்டிக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். குத்தும் பேனையை ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாற்றவே வேண்டாம், ஊசியை மட்டும் மாற்றினாலும் போதாது. ஹெப்பற்றைற்றிஸ் பி அந்தப் பேனையிலேயே பயணம் செய்யும்.

அக்கரைப்பற்றிலிருந்து: சீனி வருத்தக்காரரின் காலை எப்படிப் பார்ப்பது? எங்களிடம் மோனோஃபிலமென்ட் ஒன்று இருக்கிறது, யாரும் எடுப்பதில்லை.

எடுங்கள். அழுத்தினால் வளையும் நைலோன் இழையான 10 கிராம் மோனோஃபிலமென்ட் கிளினிக்கிலுள்ள மிக மலிவான, மிகப் பயனுள்ள கருவிகளில் ஒன்று. முதலில் அவருடைய கையில் தொட்டு, உணர்வு எப்படி இருக்கும் என்று காட்டுங்கள். பிறகு கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்காலில் பெருவிரல், பெருவிரலின் அடிமேடு, சின்ன விரலின் அடிமேடு ஆகிய மூன்று இடத்திலும் இழை வளையும் வரை செங்குத்தாக அழுத்தி, ஒன்றிரண்டு வினாடியில் எடுங்கள். காய்த்த தோலின்மேல் வைக்க வேண்டாம். ஒரே இடத்தில் மூன்று தரம் கேளுங்கள், அதில் ஒரு தரம் தொடாமலே "இப்போ தொடுதா?" என்று கேளுங்கள். மூன்றில் இரண்டு சரியென்றால் காலைக் காயத்திலிருந்து காக்கும் உணர்வு இருக்கிறது. பத்துப் பேருக்குப் பாவித்த இழையை ஒரு நாள் ஓய்வில் விட வேண்டும். தொடர்ந்து வளைந்தால் இளகி, 10 கிராமைவிடக் குறைவாக அழுத்தும்.

துடிப்பு இரண்டு இடத்தில். பெருவிரலை மேலே தூக்கச் சொன்னால் புறங்காலில் எழும் தசைநாணுக்கு வெளிப்பக்கம் ஒன்று. உள்கணுவுக்கும் குதிக்கும் இடையே பாதிவழியில் இன்னொன்று. புறங்கால் துடிப்புச் சிலருக்குப் பிறப்பிலேயே கிடைக்காது. உள்கணுவுக்குப் பின்னாலும் இல்லையென்றால் அனுப்புங்கள். விரலிடுக்குகளை விரித்துப் பார்க்காமல் செருப்பைப் போட விட வேண்டாம். உணர்வு குறைந்தவர் மத்தியானத்தில் கடற்கரை மணலில் வெறுங்காலோடு நடந்து கொப்பளம் போட்டபின்தான் அறிவார்.

அம்பாறை, மல்வத்தை: வயல்காரர்கள் நாரி நோ என்றால் கிட்னி பழுது என்று பயந்து வருகிறார்கள். சிறுநீர்ப் பரிசோதனை சரியாக இருந்தால் போதுமா?

அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. இதே மாவட்டத்தில் தெஹியத்தகண்டிப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோயால் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. ஆனால் சிறுநீரகம் நாரியில் இல்லை. கடைசி விலாக்கள் அரைவாசி மூடிக்கொண்டிருக்க, வயிற்றின் பின்சுவரை ஒட்டி உள்ளே இருக்கிறது. குனிந்து நாற்று நடுபவரின் நோ பெரும்பாலும் அதைவிடக் கீழே, தசையில். கிட்னி மெதுவாகப் பழுதாகும்போது நோவதே இல்லை. அதனால் நோவை வைத்து ஆளைத் தேர்ந்தால், தேட வேண்டியவர்களைத் தவறவிடுவோம்.

சிறுநீரில் குச்சி தோய்த்துப் பார்ப்பது ஆரம்ப நிலையைப் பிடிக்காது. காலையில் முதற்சிறுநீரில் அல்புமின் - கிரியேற்றினின் விகிதமும், இரத்தத்தில் கிரியேற்றினினும் வேண்டும். விகிதம் 30 ஐத் தாண்டினாலும் உடனே பெயர் வைக்க வேண்டாம். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், முதல்நாள் கடும் வேலை எல்லாம் அதைக் கூட்டும். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மூன்றில் இரண்டு தரம் கூடியிருக்க வேண்டும். இதற்கிடையே நாரி நோவுக்கென்று கடையில் வாங்கும் டைகுளோஃபெனக் குளிசையை நிறுத்தச் சொல்லுங்கள், நல்ல கிட்னியையும் அது கெடுக்கும்.

திருக்கோவில், குடும்பநல உத்தியோகத்தர்: வெல் வுமன் கிளினிக்குக்கு வரச் சொன்னால் "எனக்கு ஒரு வருத்தமுமில்லையே" என்கிறார்கள். பரிசோதித்து, "கர்ப்பவாயில் புண்" என்று சொன்ன பிறகு வீடே அழுகிறது.

வருத்தமில்லாதபோது பார்ப்பதற்குத்தான் 35 வயதிலும் 45 வயதிலும் கூப்பிடுகிறோம். அதை அப்படியே சொல்லுங்கள். "புண்" என்ற சொல்லைத்தான் மாற்ற வேண்டும். கர்ப்பவாயின் வெளிப்பக்கம் தட்டையான கலங்களால் மூடியிருக்கும், உள்வழி உயரமான கலங்களால். இளம் பெண்களிலும், பிள்ளை பெற்றபின்னும், கருத்தடை மாத்திரை பாவிப்பவர்களிலும் உள்வழிப் பகுதி வெளியே விரிந்து சிவப்பாகத் தெரியும். அது புண் அல்ல. ஆனால் இரண்டு வகைக் கலமும் சந்திக்கும் அந்த ஓரம்தான் ஹெச்பிவி வைரஸ் புற்றுநோய்க்கான மாற்றங்களைத் தொடங்கும் இடம். பாப் பரிசோதனைக்கு அங்கிருந்து கலம் வராவிட்டால் ரிப்போர்ட் நல்லதாக வந்தும் பிரயோசனமில்லை. மாதவிடாய் நின்றவர்களில் அந்த ஓரம் உள்ளே போய்விடும், அங்கே பிரஷ் வேண்டும். சிலைட்டில் பூசியதும் சில வினாடிக்குள் 95 சதவீத அற்ககோலில் இடுங்கள். காற்றில் காய்ந்தால் கலம் வீங்கி வாசிக்க முடியாமல் போகும். இரண்டு நாள் முன்பிருந்து உள்ளே மருந்து வைக்காமல் வரச் சொல்லுங்கள். மாதவிடாய் நாளில் எடுக்க வேண்டாம்.

ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு 2017 முதல் ஹெச்பிவி தடுப்பூசி ஆறு மாத இடைவெளியில் இரண்டு தரம் போடுகிறோம். அந்தப் பிள்ளைகளின் தாய்மாரில் பலர் 35 ஐத் தாண்டியவர்கள். பிள்ளையின் ஊசிக்குக் கையெழுத்து வாங்கும் நாளிலேயே தாயின் திகதியையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மார்பைப் பார்க்கும்போது அது வட்டம் என்று நினைக்க வேண்டாம். காறை என்பு, நெஞ்சென்பின் ஓரம், மார்பின் அடி மடிப்பு, அக்குளின் நடுக்கோடு, இந்த நாற்சதுரம் முழுவதும் பார்க்க வேண்டும். மார்புத் திசுவின் ஒரு வால் அக்குளுக்குள் ஏறும், கட்டிகள் அதிகம் வருவதும் அந்த மேல் வெளிப்பக்கத்தில்தான். மூன்று விரல்களின் பொட்டால் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக, ஒவ்வோர் இடத்திலும் மெதுவாக, நடுத்தரமாக, ஆழமாக அழுத்துங்கள். அக்குளைத் தடவும்போது அவருடைய முன்கையை நீங்கள் தாங்கிக்கொள்ளுங்கள். தன் கையைத் தானே தூக்கிப் பிடித்தால் தசை இறுகி, உள்ளே எதுவும் தட்டுப்படாது.

வாழைச்சேனையிலிருந்து: தடுப்பூசி போட்ட பிறகு மாதக்கணக்கில் தோள் தூக்க முடியவில்லை என்று ஒருவர் வந்தார். மருந்தின் பிழையா?

பெரும்பாலும் இடத்தின் பிழை. மிக மேலே குத்தினால் மருந்து தசைக்குள் போகாமல் தோள்மூட்டை ஒட்டிய பசைப்பைக்குள் போய் அழற்சியாகும். அக்ரோமியன் விளிம்பிலிருந்து இரண்டு மூன்று விரல் கீழே, டெல்டோயிட் தசையின் தடித்த நடுவில், 90 பாகையில் போடுங்கள். மிகக் கீழே, பின்பக்கமாகப் போனால் எலும்பைச் சுற்றி வரும் ரேடியல் நரம்பு இருக்கிறது. நின்றுகொண்டு, இருப்பவருக்குப் போடுவதும், சட்டைக் கழுத்தை இழுத்து இடம் தேடுவதும் மேலே குத்தவைக்கும் இரண்டு பழக்கங்கள். நீங்களும் இருங்கள், தோள் முழுவதையும் திறக்கச் சொல்லுங்கள். ஹெப்பற்றைற்றிஸ் பி, விசர்நாய்த் தடுப்பூசிகளைப் பிட்டத்தில் போடவே வேண்டாம். கொழுப்பில் தங்கி, எதிர்ப்புச் சக்தி சரியாக உருவாகாது.

சுகாதார உதவியாளர், கல்முனை: குப்பைப் பையைத் தூக்கும்போது ஊசி குத்திவிட்டது. யாருக்கும் சொல்லாமல் இரத்தத்தைப் பிழிந்து விட்டேன். இனி என்ன செய்வது?

இன்றைக்கே சொல்லுங்கள். பிழை பையில் ஊசியைப் போட்டவருடையது, உங்களுடையதல்ல. பிழிவதால் பயனில்லை, ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுக் கழுவுவதுதான் சரி. கண்ணில் பட்டால் சுத்தமான நீரால் சில நிமிடம் அலசுங்கள். உங்கள் இரத்தத்தை இப்போதே எடுத்து வைக்க வேண்டும். யாருக்குப் பாவித்த ஊசி என்று தெரிந்தால் அவருடைய சம்மதத்துடன் அவருடைய இரத்தமும். எச்ஐவி தடுப்பு மருந்து தேவையென்றால் சில மணித்தியாலத்துக்குள் தொடங்குவது மேல், 72 மணித்தியாலம் கடந்தால் தொடங்க மாட்டார்கள். 28 நாள் விடாமல் குடிக்க வேண்டும். எச்ஐவி உள்ளவரின் ஊசியால் தொற்று வரும் வாய்ப்பு 1000 க்கு 3 அளவு. ஹெப்பற்றைற்றிஸ் பி அப்படியல்ல, தடுப்பூசி போடாதவருக்கு நூற்றுக்கு 6 முதல் 30 வரை. நாம் எச்ஐவிக்குப் பயப்படுகிறோம், பி யை மறந்துவிடுகிறோம்.

தடுப்பூசி 0, 1, 6 மாதங்களில் மூன்று. இரண்டோடு விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, மூன்றாவதைப் போட்டால் சரி. அதோடு முடியவில்லை. மூன்றாவது போட்டு ஒன்றிரண்டு மாதத்தில் ஆன்ரி-ஹெச்பிஎஸ் (எதிர்ப்புச் சக்தி உருவாகியதா என்று காட்டும்) இரத்தப் பரிசோதனை செய்து 10 ஐ எட்டியிருக்கிறதா என்று பாருங்கள். எட்டாதவருக்கு இன்னும் மூன்று. தாதியருக்கும் வைத்தியருக்கும் மட்டுமல்ல, குப்பை எடுப்பவர், துணி துவைப்பவர், லேப்பில் போத்தல் கழுவுபவர் எல்லோருக்கும் இது உரியது. உங்கள் பெயர் பட்டியலில் இல்லையென்றால் தொற்றுத் தடுப்புத் தாதிய உத்தியோகத்தரிடம் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதே கடிதத்தில்: இருமல் மூன்று கிழமையாக இருக்கிறது, அதற்கும் இதற்கும் தொடர்பா?

தொடர்பில்லை, ஆனால் இது அவசரம். இரண்டு கிழமை தாண்டிய இருமலுக்குக் காசநோயா என்று சளி பார்க்க வேண்டும், வைத்தியசாலையில் வேலை செய்பவருக்கு இன்னும் கட்டாயம். அறைக்குள் அல்ல, வெளியே காற்றோட்டமான இடத்தில், ஆழமாக மூச்சிழுத்து நெஞ்சிலிருந்து இருமி எடுங்கள். 3 முதல் 5 மில்லிலீற்றர். உமிழ்நீரைக் கொடுத்தால் "இல்லை" என்றுதான் வரும். ஒன்று அன்றைக்கே, மற்றது அடுத்தநாள் விடியற்காலை எழுந்ததும், வாயைத் தண்ணீரால் கொப்பளித்த பிறகு. மார்பு நோய்க் கிளினிக்கில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ரிப்போர்ட் வரும்வரை முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், சிறுபிள்ளைகள் இருக்கும் அறையில் படுக்க வேண்டாம்.